பெரிய மரத்துக்குப் பெரிய செயின்சாவா?

"செயின்சா வாங்கப் போகிறேன்" என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி "எத்தனை இன்ச்?" என்றுதான் வரும். மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை சிசி என்று கேட்கும் அதே ஆள், செயின்சாவுக்கு மட்டும் இன்ச் கேட்பார். மரம் பெரிதென்றால் பார் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. கேள்வியே தலைகீழ் என்பது என் கட்சி.

காஸ் அடுப்பு வந்து எத்தனை வருடம் ஆகிறது, இன்னும் யார் விறகு வெட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் திருவிழா நாளில் ஏதாவது ஒரு கோயிலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு அன்னதானம் வேகும் அண்டாக்களுக்கு அடியில் எரிவது பெரும்பாலும் கட்டைதான். மறுநடவுக்காகச் சாய்த்த கித்தா மரம், பழத்தோட்டத்தில் பட்டுப்போன ரம்புத்தான், காற்றில் விழுந்த டுரியான் என்று கட்டைக்குப் பஞ்சமில்லை. அதை அறுக்க ஆள் கிடைப்பதுதான் பஞ்சம். அதனால் கோயில் கமிட்டியில் ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டியவர், "நானே ஒரு மெஷின் வாங்கிப் போட்டுவிடுகிறேன்" என்று கிளம்புவார். எங்கள் வீட்டில் அவர் என் மாமா.

சுங்கை சிப்புட் பக்கம் மாமாவுக்குச் சின்னதாகப் பழத்தோட்டம் உண்டு. அங்கே விழுந்த டுரியான் மரத்தை அளக்கச் சொன்னேன். அடிமரத்தைச் சுற்றி டேப் பிடித்ததில் 2.07 மீட்டர். 3.14ஆல் வகுத்தால் விட்டம் 66 சென்டிமீட்டர், அதாவது 26 இன்ச். மாமாவிடம் ஏற்கெனவே ஒரு சின்ன மெஷின் இருக்கிறது, 30 சிசி. கிளை கழிக்க அருமையான சாமான். அதில் 28 இன்ச் பார் மாட்டித் தர முடியுமா என்று கடையில் கேட்டு வைத்திருந்தார்! "பார்தானே மாறுது, மெஷின் ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்பது அவர் வாதம்.

ஓடும், ஆனால் அறுக்காது. பெரிய எந்திரங்களில் பரவலாக இருக்கும் எட்டில் மூன்று இன்ச் அளவுச் செயினில், அதாவது கடைக்காரர்கள் ‘த்ரீ-எய்ட்’ என்று சொல்லும் செயினில், ஏறக்குறைய ஒன்றரை இன்ச்சுக்கு ஒரு வெட்டும் பல் இருக்கும். 20 இன்ச் பார் முழுவதும் கட்டைக்குள் புதைந்தால் பதின்மூன்று பற்கள் ஒரே நேரத்தில் மரத்தைச் சீவுகின்றன. அத்தனை பல்லையும் இழுக்க இயந்திரத்துக்குத் தெம்பு வேண்டும். தெம்பு இல்லாவிட்டால் செயின் நின்று நின்று ஓடும், கிளட்ச் சூடேறும், பிடித்திருப்பவர் பொறுமையிழந்து தன் உடம்பின் பாரத்தை அதன்மேல் போடுவார். அங்கேதான் ஆபத்து ஆரம்பம். இன்னொன்று, சின்ன எந்திரத்தின் எண்ணெய் பம்பு சின்ன பாருக்காகச் செய்யப்பட்டது. நீளமான பாரின் நுனிவரைக்கும் அதனால் எண்ணெய் கொண்டுபோக முடியாது. பார் காய்ந்து நீலம் பூத்துவிடும்.

ஆகவே முதலில் சிசி, பிறகுதான் இன்ச். நான் மாமாவுக்குச் சொன்ன கணக்கு இது. 14, 16 இன்ச் பாருக்கு 30 முதல் 45 சிசி போதும். 18, 20 இன்ச் என்றால் 50க்குக் குறையாமல், முடிந்தால் 60. 24 இன்ச்சுக்கு 70. முப்பதைத் தாண்டினால் 90க்கு மேல். கடையில் மாதிரி எண்களைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 170 என்பது 30.1 சிசி, எம்எஸ் 250 என்பது 45.4, எம்எஸ் 381 என்பது 72.2. பெயரில் இருக்கும் எண்ணுக்கும் சிசிக்கும் சம்பந்தமில்லை. பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்.

சரி, 26 இன்ச் கட்டைக்கு 28 இன்ச் பார் வேண்டாமா? வேண்டியதில்லை. மரம் ஏற்கெனவே தரையில் கிடக்கிறது. ஒரு பக்கமிருந்து பாதி, மறுபக்கம் போய் மீதி என்று அறுத்தால் 20 இன்ச் பாரே தாராளம். கட்டையின் விட்டத்தைவிட இரண்டு இன்ச் நீளமான பார் என்பது ஒரே வீச்சில் முடிக்க நினைப்பவர்களின் கணக்கு. விறகு வெட்டும் நமக்கு என்ன அவசரம்? நீளம் கூடக் கூட எடை முன்பக்கம் சாயும், பல் தீட்டும் நேரம் கூடும், நுனி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அந்த நுனிதான் இந்தச் சாமானின் விஷப்பல். பாரின் மூக்கில் மேல்பாதி, ஒளிந்திருக்கும் இன்னொரு கட்டையிலோ கல்லிலோ பட்டால், எந்திரம் முழுதும் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். நினைத்துச் சுதாரிப்பதற்குள் முடிந்துவிடும். செயின் வினாடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இதற்காகத்தான் கைப்பிடிக்கு முன்னால் அந்தக் கவசம், அதோடு இணைந்த செயின் பிரேக். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, கவசத்தை முன்னே தள்ளிப் பாருங்கள், செயின் சட்டென்று நிற்க வேண்டும். பழைய பெரிய எந்திரங்கள் சிலவற்றில் இந்தப் பிரேக்கே கிடையாது. நம் பக்கத்து மரவெட்டுக் காடுகளில் பேர் வாங்கிய ஸ்டில் 070, 106 சிசி, பத்துக் கிலோவுக்கு மேல் கனம். பார்த்தால் ஆசை வரும். மலையில் வருடக்கணக்கில் வேலை செய்தவர் கைக்கு அது பொருந்தும். கோயில் கமிட்டிக்கு வேண்டாம்.

கனம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆன்ட்ரியாஸ் ஸ்டில் 1929ல் கொண்டுவந்த பெட்ரோல் மரம் வெட்டும் எந்திரம் 46 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது செயினின் கதை. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946ல் ஒரு பட்ட மரக்கட்டையில் வண்டுப்புழு ஒன்று மரத்தைக் குடைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். நாருக்குக் குறுக்கும் நெடுக்கும் அது இடமும் வலமுமாகக் கடித்துச் செல்வதைப் பார்த்து, அதே போல இடம் வலமாக வளைந்த பற்கள் கொண்ட செயினை 1947ல் விற்கத் தொடங்கினார். இன்று நம் கையில் இருக்கும் எல்லாச் செயினுக்கும் பாட்டன் அந்தப் புழுதான்.

இப்போது என் தொழில் பேசும் இடம் வருகிறது. "ரேடியோவில பேசுற பிள்ளைக்கு செயின்சா பத்தி என்னம்மா தெரியும்?" என்று ஹார்ட்வேர் கடைக்காரர் சிரித்தார். ஒலி தெரியும், அண்ணே. நல்ல பல் உள்ள செயின் கட்டைக்குள் இறங்கும்போது இயந்திரத்தின் குரல் கொஞ்சம் தாழ்ந்து, கனத்து, ஒரே சீராக நிற்கும். காலடியில் விழுவது அவல் போன்ற சீவல். பல் மொக்கையானால் குரல் கீச்சென்று உயரும், விழுவது மாவு போன்ற தூள், கட்டையிலிருந்து புகையும் வரும். வெட்டு வளைந்து ஒரு பக்கமாக இழுத்தால், அந்தப் பக்கத்துப் பற்களுக்கும் மறுபக்கத்துப் பற்களுக்கும் நீளம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். மெஷின் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் ஒரு அரத்தை எடுத்துப் பத்து நிமிடம் தீட்டிப் பாருங்கள். அரத்தின் தடிமன் செயினுக்கு ஏற்றபடி மாறும். சின்ன எந்திரத்தின் மெல்லிய செயினுக்கு 4 மில்லிமீட்டர், பெரியதற்கு 5.2. மாமாவிடம் இரண்டுக்கும் ஒரே அரம்தான் இருந்தது. அதை மாற்றியதிலேயே அவருடைய சின்ன மெஷினுக்குப் பாதி உயிர் திரும்பியது.

பல்லின் வடிவத்திலும் தேர்வு உண்டு. கூரான மூலை கொண்ட பல் வேகமாக வெட்டும், ஆனால் மண் ஒட்டிய பட்டையில் சீக்கிரம் மழுங்கும். மூலை உருண்ட பல் கொஞ்சம் மெதுவானாலும் நிலைத்து நிற்கும். விழுந்து கிடந்து மழையில் சேறு தெறித்த மரத்துக்கு உருண்டதைத்தான் கேளுங்கள். கடைக்காரர் ‘செமி சிசல்’ என்றால் புரிந்துகொள்வார்.

அறுக்கும் முறையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். தரையில் படுத்திருக்கும் கட்டையை ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் செயின் மண்ணைத் தொடும். ஒரு வினாடி தொட்டாலும் காலையில் தீட்டியதெல்லாம் வீண். ஒன்றரை அடிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, முழு நீளத்திலும் முக்கால் ஆழம் வரை அறுத்துவிடுங்கள். பிறகு கடப்பாரையால் கட்டையைப் புரட்டி, மீதியை மேலிருந்து முடியுங்கள். வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்வினால் இழுத்து மல்லுக்கட்டாமல், இன்ஜினை நிறுத்திவிட்டு ஆப்பு அடியுங்கள். பிளாஸ்டிக் ஆப்பு, இரும்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போகும். ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சின்ன வயதில் கேட்டவர்கள்தானே நாம். பாதி அறுத்த கட்டையின் இடுக்கில் கை, கால் எதற்கும் வேலையில்லை.

காதையும் காப்பாற்றுங்கள். நம் நாட்டு வேலையிட விதிமுறையில் எட்டு மணி நேர இரைச்சலுக்கு எல்லை 85 டெசிபல். செயின்சா நூறைத் தாண்டும். காதுக் கவசம், கண்ணாடி, முன்பக்கம் கனமான காலணி. காலுக்கு நார் அடுக்கு வைத்த கவசமும் கிடைக்கும். செயின் பட்டதும் உள்ளிருக்கும் நார் உருவி வந்து பற்சக்கரத்தில் சிக்கி ஓட்டத்தை நிறுத்திவிடும். நம் வெயிலில் வேகும்தான். ஜப்பான் சிலிப்பரும் கைலியுமாக விறகு அறுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மாமாவுக்கும் இப்போதே வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. அதிர்வைக் குறைக்கும் ஸ்பிரிங் கைப்பிடி உள்ள எந்திரமாகப் பார்க்கச் சொன்னதற்கு அதுதான் காரணம். அத்தை போட்ட நிபந்தனை வேறு: தனியாகத் தோட்டத்துக்குப் போகக் கூடாது.

இணையத்தில் சில நூறு ரிங்கிட்டுக்கு ‘58 சிசி’ என்று கிடைப்பவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சிலிண்டரும் ஒத்துப்போகும் என்று நான் நம்ப மாட்டேன். பிரபல நிறுவனங்களின் பெயரில் போலியும் உண்டு. உதிரி பாகம் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்பதுதான் முக்கியம். வருடத்தில் ஒரே ஒரு மரம்தான் என்றால் வாங்கவே வேண்டாம், மெஷினோடு வரும் ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிடுங்கள்.

நிற்கும் மரம் என்றால் ஒரு எச்சரிக்கை. தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. பட்டுப்போனது, உடனடி ஆபத்தானது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 0.8 மீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் வெறும் 25 சென்டிமீட்டர். கோயில் வளாகத்து மரமும் அதில் அடங்கலாம். மன்றத்தில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

பெட்ரோல் கலவைக்கு வருவோம். ஒரு லிட்டருக்கு 20 மில்லி டூ-டி எண்ணெய், ஐம்பதுக்கு ஒன்று. எந்திரத்தின் கையேடு வேறு சொன்னால் கையேட்டின்படி. திருவிழா முடிந்ததும் டாங்கியில் மிச்சம் வைக்காமல் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும் வரை ஓட விடுங்கள். அடுத்த வருடம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்ற பிறகு எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப வேண்டியிருக்காது. அறுத்த உருண்டைகளைப் பிளக்கும் கோடரியைப் பற்றி அடுத்த வாரம்.