உழைப்போர் தொகையும் நம் வீட்டுக் கணக்கும்

இந்தியாவின் உழைப்போர் தொகை ஏறத்தாழ 60 கோடி. 27 நாடுகள் அடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்திலோ ஏறத்தாழ 22 கோடி. ஒரு தேசம் மட்டும் ஒரு கண்டத்தின் பெரும்பகுதியைவிட இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட கைகளை உடையது என்று பெருமை பேசுவோர் உண்டு. பெருமை இருக்கட்டும். ஜனத்தொகையில் நாம் அவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமாயிருக்க, உழைப்போரில் மட்டும் விகிதம் குறைவானேன்? நம்மிடம் குழந்தைகள் அதிகம் என்பர். அவர்களிடம் முதியோர் அதிகமாயிற்றே! உழைக்கும் வயதினரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நாமே மூன்று மடங்குக்கு மேல்.

உண்மையான காரணம் வேறு. உழைப்போர் என்பதில் வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் மட்டுமே சேர்வர். ஐரோப்பிய ஒன்றியத்தில் வயதுவந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர் இக்கணக்கில் உளர். நம் நாட்டு அரசாங்க ஆய்வின்படி 2017-18-இல் இது நூற்றுக்கு 23.3, 2023-24-இல் 41.7. ஆறே ஆண்டுகளில் இவ்வளவு பேர் புதிதாக வேலைக்குக் கிளம்பினார்களா? ஓரளவு கிளம்பியிருக்கலாம். ஆனால் வேலையிலிருப்பதாக எழுதப்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர், குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுவோர். முன்பும் அவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்லர் என்பதே என் எண்ணம். கேட்டவரும் சொன்னவரும் அதை வேலையென்று கருதவில்லை.

இது நமக்குப் புதிய செய்தியா? தார் சுற்றுவது யார்? பாவுக்குக் கஞ்சி போடும்போது மறுமுனையில் நிற்பது யார்? களை பறிப்பதும் கறவை மாட்டைக் கவனிப்பதும் யார்? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு, நெய்வோரும் துணைத்தொழில் செய்வோருமாக 35,22,512 பேரை எண்ணியது. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். அப்படியிருந்தும் வீட்டு வாயிலில் வந்து கேட்பவரிடம், "அவள் வீட்டிலேதான் இருக்கிறாள்" என்று கணவர் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வார்த்தையால் ஓர் உழைப்பாளி மறைந்துபோகிறாள்.

1991 மக்கள் கணக்கெடுப்பிலேயே, நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியின்றிச் செய்யும் வேலையும் அடங்கும் என்ற சொற்கள் கேள்வியில் சேர்க்கப்பட்டன. கேள்வி திருந்தியது, பதில் திருந்தவில்லை.

விதியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2013-இல் ஜெனிவாவில் கூடிய புள்ளியியலாளர் மாநாடு, சொந்த உணவுக்காக மட்டும் பயிரிடுவதைத் தொழில்வாய்ப்புக் கணக்கிலிருந்து நீக்கியது. விற்பனைக்கான குடும்பத் தொழிலில் உதவுவோரை அது நீக்கவில்லை. எனவே சந்தைக்கு அனுப்பும் சேலைக்குத் தார் சுற்றுபவள் பழைய விதிப்படியும் உழைப்பாளி, புதிய விதிப்படியும் உழைப்பாளி. நூற்றுக்கு 46 பேர் வேளாண்மையில் இருக்கும் நம் நாட்டையும், ஐந்து பேர்கூட இல்லாத ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஒப்பிடுவோர், எந்த விதிப்படி எண்ணினார்கள் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

தொழிலாளராகப் பதிவு பெறாதவருக்குக் காப்பீடும் உதவித்தொகையும் கேட்கும் உரிமை எங்கிருந்து வரும்? பிறரைக் குறை கூறுமுன் நம் சங்கப் பதிவேட்டைப் புரட்டுவோம். ஒரு தறிக்கு ஒரு பெயர், அதுவும் பெரும்பாலும் ஆண் பெயர் என்றிருந்தால், தார் சுற்றுபவளையும் பங்குத்தொகை செலுத்தி அங்கத்தினராகச் சேர்க்கும் தீர்மானத்தை அடுத்த மகாசபையில் கொண்டுவரலாம். துணைவிதி இடம் தராவிடில், அதைத் திருத்தும் தீர்மானத்தை அதற்கு முன்னால் வைக்கவேண்டும்.