ஓராண்டு வீணாகி விடாது!

இளைஞர்களே! இன்று கல்லூரிக்குப் போகும் மாணவர்களில் பலர் 'டேட்டா சயின்ஸ்' என்கிறார்கள். பெற்றோரும் கடன் வாங்கிச் சேர்த்து விடுகிறார்கள். பட்டத்தோடு வேலை தேடிப் போனால் முதல் கேள்வி, "அனுபவம் உண்டா?" வேலையே கிடைக்காதவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்?

பிரிட்டனில் இதற்கு வழி உண்டு. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் இரண்டாம் ஆண்டு முடித்ததும் ஓராண்டு முழுவதும் ஒரு நிறுவனத்திலோ அரசுத் துறையிலோ பணியாற்றுகிறார். பிறகு திரும்பி வந்து இறுதியாண்டைப் படிக்கிறார். இங்கிலாந்தில் அந்த ஆண்டுக்குக் கட்டண உச்சவரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

ஏன் ஓராண்டு? மூன்று மாதம் போதாதா? சிந்தித்துப் பாருங்கள்!

வகுப்பில் ஒழுங்கான பட்டியலைத் தருவார்கள். கடைக் கணக்கு அப்படியா இருக்கிறது? ஒரே வாடிக்கையாளர் முகமது, முஹம்மத், முகம்மது என்று மூன்று விதமாகப் பதிவாகியிருப்பார். கணினிக்கு அவர் மூன்று பேர்! இதைச் சரி செய்யவே பாதிக் காலம் போய்விடும்.

அடுத்தது பருவம். பெருநாள் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முந்தி வருகிறது. சென்ற ஆண்டு இதே மாத விற்பனையை மட்டும் பார்த்துச் சரக்குக்குக் கணக்குச் சொல்லும் கணினி ஏமாந்து போகும். ஜவுளிக் கடைக்காரருக்கு இது தெரியும். பாடப் புத்தகத்துக்குத் தெரியாது. பெருநாள், தீபாவளி, பள்ளித் திறப்பு, மழைக்கால மந்தம் எல்லாவற்றையும் உடனிருந்து பார்க்க முழு ஆண்டு வேண்டும். சொன்ன கணக்கு தவறினால் பதில் சொல்லவும் அங்கே இருக்க வேண்டும். அதுதான் அனுபவம்!

வியாபாரிகளே! நம் நாட்டிலும் 1961 ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019 இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனம் பழகுநர்களை எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் எடுக்கலாம். பட்டப் படிப்போடு பயிற்சி பெறும் மாணவருக்கும் இதில் இடமுண்டு. ஆனால் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். சும்மா வேலை வாங்குவதற்குப் பெயர் பயிற்சி அல்ல!

உங்கள் பில் மெஷினில் பல ஆண்டுக் கணக்கு தூங்குகிறது. ஒரு மாணவரை அழைத்து அதைத் திறந்து காட்டுங்கள்.

மகனைக் கல்லாவில் உட்கார வைப்பதற்கு முன் இன்னொருவர் கடையில் நின்று தொழில் பழக அனுப்பியவர்கள் நீங்கள். அன்று அந்த ஆண்டை வீண் என்றா சொன்னீர்கள்? இன்று பட்டம் ஓராண்டு தள்ளிப் போகிறதே என்று மட்டும் ஏன் கலங்குகிறீர்கள்?