அந்நிய அலகும் உள்ளூர்ப் பிடியும்

ஒல்லாந்தர் 1765இல் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கவர்ந்து சென்ற லெவ்கே பீரங்கி, 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பியது. அதனுடன் வந்த ஐந்து பொருட்களில் இரண்டு, பொன்னும் வெள்ளியும் இழைத்த கஸ்தானே வாள்கள். இலங்கைத் தேசியக் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்பதும் இவ்வகை வாளே.

இன்று எஞ்சியுள்ள கஸ்தானேகளில் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் அடித்து உருவாக்கப்பட்டது. இதை அறிந்தவுடன் "அப்படியானால் போலி" என்று ஒதுக்குவோர் உண்டு. ஒல்லாந்து வாள் என்று விலை பேசுவோரும் உண்டு. இரண்டும் தவறு.

இத்தகைய வாளைப் பிடி வேறு, அலகு வேறு என்று பிரித்தே படிக்கவேண்டும். சிங்கமுகக் குமிழும் மகரத் தலைகளில் முடியும் கைக்காப்பும் உள்ளூர்க் கம்மாளன் கைவண்ணம். அலகில் வீ, ஓ, சீ ஆகிய எழுத்துகள் பின்னிக் கிடந்தால் அது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அதன்மேல் 'ஏ' இருந்தால் அம்ஸ்ரடாம் கிளையைக் குறிக்கும். ஓடும் ஓநாயின் உருவம் ஜெர்மனியக் கொல்லர்களை நினைவூட்டும். எனினும் புகழ்பெற்ற முத்திரைகளைப் பிறரும் பொறித்தனர். ஆகவே முத்திரையை மட்டும் நம்பாமல், அலகின் வடிவம், நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள், பிடியோடு அது பொருந்தும் இடம், தேய்மானம் அனைத்தையும் ஒப்பிடவேண்டும். பரம்பரை வாள் வைத்திருப்போர் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கவோ பிடியைக் கழற்றவோ வேண்டாம். சாட்சியமே அழிந்துவிடும்.

நம்மவருக்கு இரும்புத் தொழில் தெரியாததால் அலகு வாங்கினார்கள் என்பதும் பொருந்தாது. நான் வாழும் பட்டிப்பொலவுக்குத் தெற்கே, ஹோர்ட்டன் சமவெளிக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காற்றின் விசையால் உலையெரித்து உருக்கு எடுத்திருக்கிறார்கள். தென்னிந்திய உருக்கும் கடல் கடந்து விற்பனையானது. நல்லது எங்கிருந்து வந்தாலும் வாங்கித் தம் பிடியைப் பொருத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஐரோப்பிய அலகு கொண்ட வாளை மராட்டியர் 'ஃபிரங்கி' என்றனர். நமது 'பரங்கி'யும் அதே சொல்தான். தஞ்சை ஆயுதசாலையின் கட்டாரிகளிலும் ஐரோப்பிய அலகுகளைக் காணலாம்.

1765இல் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன். அந்த அரசனையும் அந்த வாளையும் இந்த நாடு தன்னுடையதாகவே போற்றுகிறது. அது சரியானதே. ஆனால் இதே மலைகளில் கோப்பியும் தேயிலையும் வளர்த்த தமிழரை, வந்தவர்கள் என்று சொல்லி 1948இல் நாடற்றவராக்கியதும் இந்த நாடுதான். பறித்த குடியுரிமை முழுமையாகத் திரும்ப 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

நூதனசாலைகளின் விளக்கப் பலகைகள் "அலகு ஐரோப்பியம், பிடி இலங்கை" என்று இரண்டையும் வெளிப்படையாக எழுதட்டும். கலப்பைச் சொல்வதால் வாளின் பெருமை குறையாது. வெளியிலிருந்து வந்த எதுவும் இந்த மண்ணுக்குச் சொந்தமாக முடியாது என்று வாதிடுவோர், முதலில் கொடியில் உள்ள வாளின் வரலாற்றைப் படிக்கட்டும்.