சொற்கணக்கைச் சமன்பாடாக்கும் வழி

கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வாழும் நம்மவர் பிள்ளைகட்குக் கல்லூரி தொலைவில் உள்ள பொருளன்று. வீ.ஜே.டி.ஐ. 1923-ஆம் ஆண்டில் மாதுங்காவிற்கு வந்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது. ரூயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937-இல் தொடங்கப்பெற்றன. ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு இது பெரும்பேறு. ஆயினும், கல்லூரியிற் சேர்ந்த பிள்ளைகளுள் சிலர், “கணக்கு நமக்கு வாராது” என்று முதலாண்டிலேயே மனம் தளர்ந்து, தாம் விரும்பிய துறையையே கைவிட எண்ணுவதைக் காண்கிறோம். அவர்களிடம் ஒரு சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் பிழையின்றித் தீர்த்துவிடுகின்றனர். அதே செய்தியை நான்கு வரி வாக்கியமாகக் கொடுத்தாலோ எழுதுகோல் நின்றுவிடுகிறது. ஆகவே, குறை கணக்கில் இல்லை. சொல்லைக் குறியாக மாற்றும் இடத்தில் இருக்கிறது. இம்மாதம் அதனைச் சற்று ஆராய்வோம்.

இத்தடுமாற்றம் நம் பிள்ளைகட்கு மட்டும் உரியதன்று. கிளெமெண்ட், லாக்ஹெட், மங்க் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், பொறியியல் மாணாக்கரிடம் ஓர் எளிய கணக்கைக் கொடுத்துப் பார்த்து, அதன் முடிவை 1981-இல் வெளியிட்டனர். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரைப் போல் ஆறு மடங்கு மாணாக்கர் உள்ளனர். இதனைச் சமன்பாடாக எழுதுக என்பதே கணக்கு. மாணாக்கர் எண்ணிக்கையை ‘ம’ என்றும், பேராசிரியர் எண்ணிக்கையை ‘ப’ என்றும் கொள்வோம். ம = 6ப என்பதே சரியான விடை. மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் பிழையாக எழுதினர்; அவருட் பெரும்பாலோர் எழுதியது 6ம = ப என்பதாகும்.

இப்பிழைக்குக் காரணங்கள் இரண்டு. ஆங்கில வாக்கியத்தில் ஆறு என்னும் சொல் முதலிலும், மாணாக்கர் என்பது அடுத்தும், பேராசிரியர் என்பது இறுதியிலும் வருகின்றன. சொற்கள் வந்த வரிசையிலேயே குறிகளை அடுக்குவோர் தவறுகின்றனர். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ‘ம’ என்பதை மாணாக்கர் என்னும் ஆட்களுக்கு இட்ட பெயராகவே பலர் எண்ணிவிடுகின்றனர். அஃது ஆட்களைக் குறிப்பதன்று. ஆட்களின் எண்ணிக்கையைக் குறிப்பது. ஆறு மாணாக்கருக்கு ஒரு பேராசிரியர் என்று மனத்தில் படம் வரைந்துகொண்டு, அப்படத்தையே 6ம = ப என்று எழுதிவிடுகின்றனர்.

இங்கே நம் தாய்மொழி துணைக்கு வருகிறது. “மாணாக்கர் எண்ணிக்கை, பேராசிரியர் எண்ணிக்கையின் ஆறு மடங்கு” என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆறு எதனைப் பெருக்குகிறது என்பது உடனே விளங்கும். ஒன்றைவிட ஐந்து குறைவு என்னும்போதும் அவ்வாறே. ஆங்கிலத்தில் ஐந்து முன்னே வருவதால் ஐந்திலிருந்து கழித்துவிடும் மாணாக்கர் உண்டு. தமிழிலோ “க-வைவிட ஐந்து குறைவு” என்கிறோம். க − 5 என்பது அவ்வரிசையிலேயே அமைகிறது. ஆனால், தமிழிற் சொன்னால் பிழையே நேராது என்று கருதலாகாது. “தோசை விலை இட்டிலி விலையைவிட 30 ரூபாய் கூடுதல்” என்பதைக் கேட்டு, 30-ஐத் தோசையின் பக்கம் கூட்டிவிடுவோரும் உளர். எண்களை இட்டுச் சோதிப்பதே இதற்கு மருந்து. இட்டிலி 40 ரூபாய் ஆனால் தோசை 70 ரூபாய். நாம் எழுதிய சமன்பாடு இதற்கு ஒத்து வருகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

முறை இதுதான். முதலில், தெரியாத அளவு எது என்று கண்டு, அதற்கு ஓர் எழுத்தை இட்டு, அலகையும் பக்கத்தில் எழுதுக. அடுத்து, வாக்கியத்தில் எந்த இரண்டு அளவுகள் ஒன்றுக்கொன்று சமம் என்று கூறப்படுகிறது எனத் தேடுக. பின்னரே குறிகளை எழுதுக. சான்றாக, 20 விழுக்காடு கூட்டப்பெற்ற பின் ஒரு புடைவை 600 ரூபாய்க்கு விற்கிறது. முன்விலை யாது? 600-இல் 20 விழுக்காட்டைக் கழித்து 480 என்போர் பலர். எதன் 20 விழுக்காடு என்று கேட்டிருப்பின், தெரியாத முன்விலையின் 20 விழுக்காடு என்பது புலப்பட்டிருக்கும். முன்விலை க ஆனால், க + 0.2க = 600; எனவே க = 500.

குறிகள் பிற்காலத்தில் வந்த சுருக்கெழுத்தே ஆகும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிசுமி தம் சமன்பாடுகள் அனைத்தையும் சொற்களிலேயே எழுதினார். இன்று நாம் இடும் சமக்குறி 1557-இல் இராபர்ட் ரெகார்டின் நூலிலேதான் முதன்முதல் அச்சேறியது.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், 1914-இல் கேம்பிரிட்ஜில், அடுப்பில் காய்கறியைக் கிளறியபடியே ஒரு பத்திரிகைப் புதிரைக் கேட்டார். படித்துக் காட்டியவர் மகலனோபிசு. ஒரு தெருவில் வீடுகட்கு 1, 2, 3 என வரிசையாக எண்கள் உள்ளன. ஒருவர் வீட்டுக்கு இப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும், அப்புறம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அவ்வீட்டின் எண் யாது? வீட்டெண் வ, மொத்த வீடுகள் த என்க. இப்புறத் தொகையின் இரு மடங்கோடு வ-வைக் கூட்டினால் தெரு முழுவதன் தொகை வரும். இப்புறத் தொகையின் இரு மடங்கு வ(வ − 1). எனவே, வ² = த(த + 1) ÷ 2. விடை 288 வீடுகளுள் 204-ஆம் வீடு. இராமானுசன் இவ்வகை விடைகள் அனைத்தையும் தரும் தொடர் பின்னத்தையே உடனே சொல்லிவிட்டார். அவர் மேதை நமக்கு வாய்க்காது போகலாம். அச்சமன்பாட்டை எழுதும் படி வரை எவரும் ஏறலாம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி காணாத தாயும் தந்தையும் இதில் துணை நிற்க இயலும். மாலையில் பிள்ளையை அருகிலழைத்து, கணக்கைத் தமிழிற் சொல்லச் செய்யுங்கள். “எது தெரியவில்லை? எது எதற்குச் சமம்?” என்னும் இரண்டு வினாக்களை மட்டும் கேளுங்கள். பிள்ளை தெளிவாக விடை கூறினால் சமன்பாடு பாதி முடிந்தது; தடுமாறினால், எழுதும் முன்பே குறை வெளிப்பட்டுவிடும். தேர்வு நெருங்கும்வரை காத்திராமல் இவ்வாரமே தொடங்குவீர்களாக.