நிறைந்த பேட்டரியும் இறங்கும் மலையும்

நாமக்கல்லில் முப்பதாண்டுகள் லாரி ஓட்டிய என் தாய்மாமாவிடம் மலைப்பாதைக்கென்று ஒரே ஒரு சூத்திரம்தான் இருந்தது: "ஏறுன கியருலயே எறங்கோணும் மாப்ளே." வண்டியின் வேகத்தை எஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. இதன் அருமையைத் தொப்பூர் கணவாய் அறியும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கம் அங்கே நெடுநாளாகக் கண்டிக்கப்பட்டு வருகிறது.

மின்காரில் மாற்றுவதற்குக் கியர் இல்லை. அவ்விடத்தை 'ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்' பிடித்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அழகான ஏற்பாடுதான். ஆனால் பேட்டரியில் இடம் இருக்க வேண்டுமே!

அண்மையில் நண்பரின் மின்காரில் ஏற்காடு சென்றிருந்தோம். விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி, காலையில் நூறு விழுக்காடு கண்டு மகிழ்ந்து புறப்பட்டோம். சேலம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் நாள் காலை எடுத்ததும் அடங்கிய வண்டி, அன்று அடங்கவில்லை. நண்பர் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தார். பாதி வழியில் கருகும் வாடை எழவே, ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் காத்திருந்தோம்.

கணக்கு எளியது. ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 5 யூனிட். சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை உண்ணும். மிச்சத்தைப் பேட்டரி ஏற்காவிட்டால் அத்தனையும் பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்கும். பேட்டரி மிகச் சூடானாலும் இந்த ஏற்பு குறையும். எல்லா வண்டிகளும் ஒன்றல்ல; சிலவற்றில் நூறு என்று காட்டும்போதும் சிறிது இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் நம் வண்டி எவ்வகை என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குற்றம் தொழில்நுட்பத்தினுடையதன்று என்பதே என் எண்ணம். விற்பவர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை மட்டும் சொல்கிறார். எச்சரிக்கை ஆங்கிலக் கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் உறங்குகிறது. லாரிக்காரர்களின் அறிவு வாய்மொழியாக, தமிழில், கிளீனரிடமிருந்து டிரைவருக்கு வந்தது. மின்காருக்கு அப்படியொரு மரபு இன்னும் உருவாகவில்லை.

அதுவரை, ஏற்காட்டிலும் எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலும் சார்ஜ் ஏற்றும் இடந்தோறும் தமிழில் ஒரு பலகை வைக்கலாம்: 'கீழே இறங்குபவர்கள் எண்பதோடு நிறுத்துங்கள்.' மலை இறங்க மின்சாரம் அதிகம் தேவையில்லை. அதை வாங்கி வைக்க இடம்தான் தேவை. மாமா இருந்திருந்தால் சூத்திரத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருப்பார்: "ஏறுன சார்ஜுலயே எறங்கோணும் மாப்ளே."