அந்தத் தண்ணிக்கு இன்னும் வேலை இருக்கு!



தண்ணீரைப் பற்றிக் கட்டுரை என்றால் நாம் எல்லாரும் முதலில் வள்ளுவரைத்தான் கூப்பிடுவோம். இந்த முறை நான் எங்க அப்பத்தாவைக் கூப்பிடுகிறேன்.

அப்பத்தா அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டி நான் பார்த்ததே இல்லை. அது மாட்டுக்குக் கழனித்தண்ணி. குளிக்கிற தண்ணி சின்ன வாய்க்கால் வழியாகப் போய் வாழைத்தூரில் விழும். சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கின தண்ணி முருங்கைக்கு. ஒரே கிணற்றுத் தண்ணீர் இரண்டு மூன்று வேலை பார்த்த பிறகுதான் ஓய்வு எடுக்கும். இதைத்தான் நாம் ‘நீர் மறுசுழற்சி’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிறோம்.

இப்போ நம்ம பள்ளிக்கு வாங்க. மதியம் சாப்பிட்டு முடித்ததும் குழாயடியில் தட்டும் டிபன் பாக்ஸும் கழுவுகிறோம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது பார்த்ததுண்டா? நான் ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சுற்றுச்சுவர் ஓட்டை வழியாக வெளியே போய்த் தெருவில் சேறாகத் தேங்கி நிற்கிறது. அதே சுவருக்கு உள்பக்கம், நாலடி தள்ளி, போன வருடம் நாம் கைதட்டி நட்ட 12 வேப்பங்கன்றுகள். இப்போது உயிரோடு இருப்பவை 3. ஒரு ஆளுக்கு ஒரே ஒரு லிட்டர் என்று வைத்தாலும் 400 பேருக்கு 400 லிட்டர். தினமும் 400 லிட்டர் பக்கத்தில் ஓடும்போதே கன்றுகள் தாகத்தில் செத்திருக்கின்றன.

நம்ம ஊரில் வெயில்தான் சோறு போடுகிறது. மழையும் ஈரமும் குறைவு என்பதால்தான் பட்டாசும் தீப்பெட்டியும் இங்கே நன்றாகக் காய்கின்றன. அதே வெயில்தான் நம்மைக் குடத்தோடு தெருவிலும் நிறுத்துகிறது. வெம்பக்கோட்டை அணையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் வழியாக வந்த தண்ணீரைத்தான் சிவகாசி குடிக்கிறது. எங்க அம்மா ராத்திரி கண்விழித்துப் பிடிக்கிற தண்ணி அது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீரை ஒரே ஒரு தடவை கை கழுவிவிட்டுச் சாக்கடைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

“அது அழுக்குத் தண்ணிடா” என்பார்கள். சரி, அழுக்குதான். ஆனால் சாக்கடை நீரில்கூட நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான். மீதி இருக்கிற கொஞ்சத்தைப் பிரித்தெடுக்கிற வழியை மனிதன் கண்டுபிடித்துவிட்டான்.

சென்னையைப் பாருங்கள். மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1990-களிலேயே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்த ஆரம்பித்துவிட்டது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது நினைவிருக்கும். அதே 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை நுண்சவ்வு வழியாக வடிகட்டும் இரண்டு பெரிய நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடியது. கொடுங்கையூர் தண்ணீர் மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும், கோயம்பேட்டுத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமும் போகிறது. ஆலை கழிவுநீரைக் குடித்தால், அந்த அளவு ஏரித் தண்ணீர் மக்களுக்கு மிச்சம்!

திருப்பூர் கதை கொஞ்சம் கசப்பானது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, 1992-இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்க் குட்டையாக மாறியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதன்பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பவும் துணிக்கே பயன்படுத்துகிற முறை அங்கே வேரூன்றியது. ஆறு கெட்ட பிறகு பாடம் படித்தார்கள். நாம் முன்னாலேயே படித்தால் என்ன?

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே. 2003 முதல் அங்கே கழிவுநீரை நுண்வடிகட்டி, சவ்வு, புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டமாகச் சுத்தம் செய்து ‘நியூவாட்டர்’ என்று பெயர் வைத்துக் கொடுக்கிறார்கள். பெரும்பகுதி ஆலைகளுக்கு, வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கத்திலும் கலக்கிறார்கள். 2002 தேசிய தின விழாவில் பிரதமர் கோ சோக் டோங்கே மக்களோடு சேர்ந்து அதைக் குடித்துக் காட்டினார். அங்கே சாக்கடை நீரை ‘பயன்படுத்திய நீர்’ என்றுதான் சொல்கிறார்கள். பெயர் மாறினால் முகம் சுளிப்பது பாதி குறையும்!

நாம் யாரையும் தட்டு கழுவின தண்ணியைக் குடிக்கச் சொல்லவில்லை. ‘இது சுத்தமா, அசுத்தமா’ என்று மட்டும் கேட்காமல், ‘இந்தத் தண்ணிக்கு இன்னும் என்ன வேலை மிச்சம் இருக்கு’ என்று கேட்போம் என்பதுதான் என் கருத்து. வேப்பமரம் எச்சில் பார்க்காது.

இதைச் சொன்னபோது வகுப்பில் மூன்று கேள்வி வந்தது. மூன்றும் நியாயமான கேள்விகள்.

1. சோப்புத் தண்ணியில் செடி பட்டுப்போகாதா? சோப்பு அதிகமானால் கெடுதல்தான். அதனால் தட்டுக்கு சோப்பைக் குறைப்போம். முதலில் சோற்றுப் பருக்கையைத் தனி வாளியில் தட்டுவோம். ஜல்லியும் மணலும் போட்ட சின்னக் குழி வழியாகத் தண்ணியை விடுவோம். மரத்துக்கு மட்டும், பச்சையாகச் சாப்பிடுகிற கீரைக்கு வேண்டாம்.

2. கொசு வராதா? தேங்கினால் வரும். இப்போது தெருவில் தேங்கித்தானே வந்துகொண்டிருக்கிறது! ஓடி மண்ணுக்குள் இறங்கினால் வராது.

3. கோடை விடுமுறையில் என்ன செய்வது? அப்போது தட்டும் இல்லை, தண்ணியும் இல்லை. இதற்கு முறை வைத்துத்தான் வரவேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கிற நான் முதல் வாரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுக் குழாயில் ஒரு வாளி வைத்துப் பாருங்கள். எங்க சித்தி வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணி பிடிப்பதற்குள் இரண்டு குடம் வீணாகப் போனது. அதில் உப்பு அதிகம், செடிக்குத் தினமும் ஊற்றக் கூடாது. தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம்.

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாயடியிலிருந்து வேப்பங்கன்று வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்ட அனுமதி கொடுங்கள். மண்வெட்டி நாங்கள் கொண்டுவருகிறோம். சனிக்கிழமை ஒரு காலைப்பொழுது போதும். கோடிக்கணக்கில் செலவழித்து நிலையம் கட்டுவது அரசாங்கத்தின் வேலை. நாலடி வாய்க்கால் நம்ம வேலை.

மிச்சம் இருப்பது 3 கன்று. அடுத்த ஆண்டு இந்தச் சுவரில் எழுதும்போது அந்த எண் குறையக் கூடாது.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி