எசென்ஸ் கேனும் எரிகிற அடுப்பும்

உங்கள் சயின்ஸ் சார்தான். கொஞ்சம் நீளமான பதிவு. கேக் செய்து விற்கிறவர்கள் மட்டுமாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

போன வாரம் தூத்துக்குடியில் என் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கொரோனா காலத்தில் பொழுதுபோக்காக ஆரம்பித்த கேக் வேலை இன்று அவளுக்கு நல்ல வருமானம். கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. சமையல் மேடைக்குக் கீழே 5 லிட்டர் கேனில் வெனிலா எக்ஸ்ட்ராக்ட். அதைப் புனல் வைத்து ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டடி தள்ளி அடுப்பு எரிகிறது.

"முதல்ல அடுப்பை அணைம்மா" என்றேன்.

"இது சாப்பிடுற பொருள்தானே சார், பெட்ரோலா என்ன?" என்று சிரித்தாள்.

அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வாயில் போடுவது எப்படி எரியும் என்று நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். வாசனை வேறு இனிப்பாக இருக்கிறது. மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தால் மூக்கே எச்சரித்துவிடும். வெனிலா வாசம் வந்தால் பாயசமா என்று எட்டிப் பார்ப்போம்.

விஷயம் இதுதான். வாசனைப் பொருள்கள் பல தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அமெரிக்க விதிப்படி வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 35 சதவீதம் எத்தில் ஆல்கஹால் இருக்க வேண்டும். எலுமிச்சை எக்ஸ்ட்ராக்டில் இது 80 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. 35, 40 சதவீதக் கரைசலே 30 டிகிரி வெப்பத்துக்குள் தீப்பொறிக்குப் பற்றும் அளவு ஆவியை விட்டுவிடும். மண்ணெண்ணெய்க்கே அதற்கு 35 டிகிரிக்கு மேல் வேண்டும். ஓவன் ஓடுகிற நம் ஊர் அடுக்களை எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும்.

எல்லா எசென்ஸும் இப்படி இல்லை. கடையில் வாங்கும் 20 மில்லி பாட்டில்கள் பலவற்றில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால். அது சுலபத்தில் பற்றாது. லேபிளைப் படித்தால் தெரிந்துவிடும். ஆனால் தண்ணீர் பாட்டிலில் லேபிள் ஏது? அவள் வீட்டில் நான்கு வயதுப் பையன் வேறு இருக்கிறான்.

என் கோபம் மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கிறவர்கள் மேல்தான். சர்வதேசப் போக்குவரத்து விதிகளில் இந்தத் திரவங்களுக்கு 1197 என்று தனி எண்ணே உண்டு. பெட்ரோலைப் போலவே மூன்றாம் வகுப்பு, எரியும் திரவம். சிவப்புச் சாய்சதுரத்தில் தீச்சுடர் போட்ட அடையாளமும் அதற்கு உண்டு. பெரிய கேனிலிருந்து சின்னக் கேனுக்கு மாற்றும்போது எசென்ஸ் வருகிறது, எச்சரிக்கை வருவதில்லை. ஒரு லேபிளை நகல் எடுத்து ஒட்ட என்ன செலவு? கேக் வகுப்பு எடுப்பவர்களும் முதல் நாளில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். ரோஜாப் பூ பிழிவதை இரண்டாம் நாள் சொல்லித் தரட்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. லேபில் ஜன்னலோர மேசையில் ஒரு ஸ்பிரிட் விளக்கு. நல்ல வெயில். ஆல்கஹால் சுடர் மங்கலான நீலம், வெயிலில் கண்ணுக்கே தெரியாது. விளக்கு அணைந்துவிட்டது என்று நினைத்து ஒரு பையன் பாட்டிலோடு ஸ்பிரிட்டை ஊற்றினான். தீ பாட்டிலுக்கே ஏறிவிட்டது. முழங்கை வரை புண். நான் அப்போது செய்த காரியம், மேசையில் இருந்த நீல மையை எடுத்துக் கையில் ஊற்றியது. ஊரே அப்படித்தான் செய்யும் அந்தக் காலத்தில். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். மையைக் கழுவினால்தான் புண்ணின் ஆழமே தெரியும் என்றார். ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டியது நான். அந்தப் பையனும் இதைப் படிப்பான். இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான். தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் கேளுங்கள். எசென்ஸ் கொட்டிவிட்டது, இன்னும் பற்றவில்லை என்றால் எட்டும் தூரத்தில் உள்ள அடுப்பை அணையுங்கள். ஃபேன், எக்சாஸ்ட், மிக்சி எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு நனைந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளியே கொண்டுபோய் அலசுங்கள். பெட்ரோல் போல் அல்ல, இது தண்ணீரோடு கலந்து நீர்த்துவிடும்.

பற்றிக்கொண்டால் கதை வேறு. வாளித் தண்ணீரை வேகமாக வீசினால் எரிகிற திரவம் தரையெங்கும் ஓடும். பாத்திர அளவுத் தீ என்றால் மூடி போட்டு மூடலாம், அல்லது பவுடர் தீயணைப்பான். வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிதென்றால் ஆர்டராவது கேக்காவது, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112. "தீ" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஆல்கஹால் கலந்த எசென்ஸ், 5 லிட்டர் கேன், பக்கத்தில் சிலிண்டர்" என்று சொல்லுங்கள். பெட்ரோல் தீக்கு அடிக்கும் சாதாரண நுரை ஆல்கஹாலில் உடைந்துபோகும், அதற்கென்று தனி நுரை இருக்கிறது. வருகிறவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

சேலையில் பிடித்தால் ஓடக்கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். புண்ணில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மஞ்சள், நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். மையும் வேண்டாம்!

என் தங்கை இதைப் படித்துவிட்டு, "ஒரு ஸ்பூன் எசென்ஸுக்கு இத்தனை பயமுறுத்தலா அண்ணே?" என்கிறாள். ஒரு ஸ்பூனுக்கு இல்லைம்மா. கேனுக்கு.

தூத்துக்குடிக்காரி அன்றைக்கே கேனைப் பின்கட்டு அலமாரிக்கு மாற்றிவிட்டாள். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுக்கிறாளாம், லேபிளும் எழுதி ஒட்டியாயிற்று. உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று புரியவில்லை என்றால் லேபிளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை? கேக்கும் அனுப்பலாம், முட்டை போடாததாக.